பஹியா உள்ளே வரவில்லை

காலை ஆறு மணிக்குக் கத்தியைக் கையில் எடுத்தேன் என்றால் ஒன்பதரை வரை கீழே வைக்க மாட்டேன். குரங்குகளுக்கு வெள்ளரியும் அவித்த முட்டையும், நீர்யானைக்கு முட்டைக்கோஸும் கட்டுக்கட்டாகப் புல்லும், நாரைகளுக்குத் தலை வால் எடுக்காத பொடிமீன், கரடிக்குக் காரட், ஆப்பிள், வேகவைத்த உருளைக்கிழங்கு. எல்லாம் தராசில் நிறுத்து, டாக்டர் லுப்னா சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி வாளி வாளியாகப் போக வேண்டும். அந்தப் பெண் வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கைதான் அளவு. முதல் வாரமே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்ஸாஃப் அக்கா, இது கை இல்ல, முறம்" என்று சொல்லித் தராசை வாங்கி வைத்தாள்.

இந்த மிருகக்காட்சிசாலையின் தீவன அறை பத்தொன்பது வருஷமாக என் பொறுப்பு. கணவர் போன பிறகு எனக்கு வீடும் அடுப்பும் வம்பும் எல்லாம் இங்கேதான். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஊழியர் குடியிருப்பு. அதில் மதிலை ஒட்டிய முதல் வீடு கரடிக்கார ரஷ்வானுடையது, இரண்டாவது என்னுடையது. ஆகவே அவர்கள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும் என்றால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று அர்த்தம் இல்லை. ரஷ்வான் மனைவி தவ்லத்தின் குரல் அப்படி. நைலில் படகு ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் மத்தியானம்தான் எல்லாம் தொடங்கியது. தவ்லத்தின் தங்கைகள் இரண்டு பேரும் ஸகாஸீக் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வாத்து, சோறு, நெய்யில் பொரித்த ரொட்டி என்று தடபுடலான விருந்து. எனக்கும் இலவசமாக ஓர் இடம். பெருநாள் என்றால் ஊரே எங்கள் புல்தரையில் பாய் விரித்துப் படுத்துக் கிடக்கும். ரஷ்வான் காலையிலிருந்து, கரடிக்கு எதையும் எறியாதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, பாதி நேரத்தில் சாப்பிட வந்திருந்தான். வந்து உட்காருவதற்குள் தவ்லத் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

"காது கேக்குது, தவ்லத். உள்ளேதான் இருக்கேன்" என்றான் ரஷ்வான்.

"உள்ளே இருந்தா வாயைத் திறந்து சொல்லணும்."

"பஹியா இருபத்திரண்டு வருஷமா என்கூட இருக்கா. ஒரு தடவை குரலை உயர்த்தினதில்ல."

தங்கைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. புருஷன் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள், தங்கைகள் சிரித்ததைப் பொறுக்கவில்லை. பஹியா என்பது கரடி. தவ்லத் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். இனிமே இந்த மனுஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். கரடியே கூப்பிடட்டும்."

எங்கள் பக்கத்தில் ஆணை என்றால் ஆணைதான். அன்றிலிருந்து ரஷ்வானின் சாப்பாடு மேஜையில் தட்டு மூடி இருக்கும், தவ்லத் அடுத்த அறையில் இருப்பாள். குடியிருப்பே அமைதியாகிவிட்டது. முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது என்று நான் பொய் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அதே நாள் சாயங்காலம் பஹியா உள்கூண்டுக்குள் வரவில்லை.

பகலெல்லாம் அவள் வெளி முற்றத்தில் இருப்பாள். சுற்றிலும் அகழி, நடுவில் பாறை, ஓரத்தில் ஒரு பெரிய முசுக்கொட்டை மரம். பொழுது சாயும்போது உள்கூண்டில் சாப்பாட்டை வைத்துத் தூக்குக் கதவைத் திறந்தால் தானே நடந்து வருவாள். அவள் வந்ததும் சங்கிலியைக் கொக்கியிலிருந்து விட்டால் கதவு இறங்கும். டாக்டர் லுப்னா வந்த பிறகு அதற்கும் ஒரு முறை வந்தது. ரஷ்வான் விசில் ஊத வேண்டும், விசில் கேட்டு வந்தால் உடனே ஓர் ஆப்பிள் துண்டு, வந்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். ரஷ்வானுக்கு விசில் பிடிக்கவில்லை. "நான் என்ன போக்குவரத்துப் போலீஸா?" என்று கேட்டான். ஆனாலும் ஊதினான், பஹியாவும் ஆறு மாதமாக ஒரு நாள் தவறாமல் வந்தாள். டாக்டர் அந்த நோட்டைக் கெய்ரோவுக்குக்கூட எடுத்துப் போய்க் காட்டினாள்.

பெருநாள் கூட்டம் எறிந்த ரொட்டியையும் அவரைக்கொட்டையையும் தின்று வயிறு நிரம்பியிருக்கும், நாளைக்கு வருவாள் என்றார்கள். வரவில்லை. முற்றத்தின் முன்னால் கயிறு கட்டி ஆட்களைத் தடுத்தார்கள். வரவில்லை. முசுக்கொட்டை பழுக்கிற காலம், காற்று அடித்தால் பழமாகக் கொட்டுகிறது, அதைத் தின்றுகொண்டு பாறைமேல் படுத்துக்கொள்வாள். ராத்திரி வெளியே படுத்தால் என்ன, கரடிதானே என்று விட்டிருப்போம். ஆனால் அகழிச் சுவரில் பெரிய வெடிப்பு விழுந்திருந்தது. சுவர் வேலைக்கு ஆட்கள் வியாழக்கிழமை காலை வருகிறார்கள். அவர்கள் உள்ளே இறங்க வேண்டும் என்றால் பஹியா கூண்டில் இருக்க வேண்டும்.

இப்படியே ஒன்பது நாள் போனது. திங்கட்கிழமை தீவன அறைக்கு வந்த டாக்டர் லுப்னா என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். கவலை வந்தால் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார மாட்டாள்.

"புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்போம். வரலேன்னா வியாழக்கிழமை காலையில மயக்க ஊசிதான் அக்கா. இயக்குநர் சொல்லிட்டார்."

"ஊசி போட்டாத் தூங்குவா. தூக்கிட்டு வந்துடலாம். அவ்வளவுதானே?"

"அவளுக்கு இருபத்தேழு வயசு. இதயம் சரியில்ல. அதுவும் ஊசி பட்ட உடனே விழ மாட்டா. பத்து நிமிஷம் நடப்பா. பயந்தா எங்க போவா சொல்லுங்க."

எனக்குத் தெரியும். பயந்தால் தண்ணீருக்குத்தான் போவாள். மயங்கி அகழியில் விழுந்தால் மூழ்கிப்போவாள். தண்ணீரை வடித்துவிட்டால் மூன்று ஆள் ஆழத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை.

ரஷ்வான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்து வயதில் சங்கிலியோடு ஒரு வித்தைக்காரனிடமிருந்து பிடித்துக்கொண்டு வந்த கரடி. அதன் மூக்கில் இருந்த வளையத்தை எடுத்த நாளில் இவன்தான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் அவனை விடவில்லை. பின்னாலேயே போய்க் கேட்டாள், "பெருநாளுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அதுல எது மாறிச்சு? யோசிங்க."

"ஒண்ணும் மாறல டாக்டரம்மா. அதே விசில், அதே வாளி."

"துணி? சோப்பு?"

ரஷ்வான் கீழே பார்த்தான். பெருநாளுக்கு வாங்கிய புது பூட்ஸ். அப்படியே கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ரப்பர் பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டான். வரவில்லை. மீசையைப் பெருநாளுக்கு ஒதுக்கியிருந்தான், அதனாலோ என்று குரங்குக்காரன் சொன்னான். மீசையை எப்படித் திரும்ப ஒட்டுவது? வாளியில் தேன் ஊற்றினார்கள். மத்தி மீனைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்து வைத்தார்கள். பஹியா கதவு வரை வந்து, மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். கோபித்துக்கொண்ட மருமகள்கூட அத்தனை பிகு செய்ய மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் குரங்குகளின் மறுநாள் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரஷ்வான் விசிலை ஊதினான். பஹியா அவன் பக்கம் திரும்பவே இல்லை. பாறைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, குடியிருப்பின் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் முன்னால் நின்றன. எதற்கோ காத்திருக்கிறாள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் தீவன அறையிலிருந்து கருகின வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் வற்றி முட்டையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பெருநாளிலிருந்து மூன்றாவது தடவை. பத்தொன்பது வருஷம் கருகாத முட்டை இப்போது ஏன் கருகுகிறது என்று சட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். நான் கடிகாரம் பார்த்து அடுப்பை அணைப்பவள் இல்லை. தவ்லத் மதிலுக்கு மேலே, "ரஷ்வான், சோறு ஆறுது" என்று கத்துவாள், நான் அடுப்பை அணைப்பேன்.

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"டாக்டரம்மா, தினம் இவன் விசிலை எப்போ ஊதுவான்னு கேளுங்க."

"அஞ்சே முக்கால், ஆறு. நோட்டுல இருக்கே."

"நோட்டை விடுங்க. எதைக் கேட்டு ஊதுவான்னு கேளுங்க."

ரஷ்வான் முழித்தான். "வீட்டுலேர்ந்து அவ கூப்பிடுவா. சரி, நேரமாச்சுன்னு எந்திரிச்சு விசில் ஊதுவேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் முகம் மாறியது.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவ விசிலுக்கு வரவே இல்ல. விசிலுக்கு முன்னாடி வர்ற சத்தத்துக்கு வந்திருக்கா. ஆறு மாசமா நான் உங்க வீட்டுக்காரம்மாவோட பழக்கத்தை என் நோட்டுல எழுதிட்டிருக்கேன்."

நாங்கள் மூன்று பேரும் அப்படியே தவ்லத் வீட்டுக்குப் போனோம். அவள் சமையலறையில் முலூகிய்யா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டருக்கு நாற்காலி போட்டாள், எனக்குத் தேநீர் கொடுத்தாள். புருஷன் நின்ற இடத்தில் சுவர் மட்டும் இருப்பதுபோல நடந்துகொண்டாள். டாக்டர் நடந்ததைச் சொன்னாள். தவ்லத் கீரையை நிறுத்தாமல் கேட்டாள். ஊசி, அகழி என்று வந்தபோது மட்டும் கை நின்றது.

"இவர் எதுக்கு வந்திருக்காராம்?" என்று என்னைக் கேட்டாள்.

"நேராக் கேளேன், பக்கத்துலதானே நிக்கிறான்."

அவள் கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எனக்காக வந்தியா, கரடிக்காக வந்தியா?"

எனக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். எந்தப் புருஷனுக்கும் அது தெரியும். இந்த மடையன் கையைப் பிசைந்துகொண்டு உண்மையைச் சொன்னான்.

"கரடிக்காகத்தான்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.  தவ்லத் எழுந்து கையைத் துடைத்தாள்.

"பொய் சொல்லாம இருந்தியே, அது வரைக்கும் சரி. அந்தக் கழுதை எனக்கும் இருபத்திரண்டு வருஷமா பக்கத்து வீடு. அவளைக் கூப்பிடறேன். அவ பேரைச் சொல்லக் கூடாதுன்னு நான் ஆணை வைக்கல."

மாடிக்கு ஏறினாள். நாங்கள் கரடி முற்றத்துப் பக்கம் ஓடினோம். மதிலுக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"பஹியா, ஏ பஹியா. உள்ள போடி. நீ நல்லவதானே."

பஹியா எழுந்து நின்றாள். எங்கள் உயிரும் எழுந்து நின்றது. குரல் வந்த திசையில் மூக்கைத் தூக்கி, வலதும் இடதும் ஆட்டிப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள். தவ்லத் பத்து முறை கூப்பிட்டாள். கொஞ்சினாள், மிரட்டினாள், 'சோறு ஆறுது' என்றுகூடச் சொன்னாள். புருஷன் பேரை மட்டும் சொல்லவில்லை. வெளிச்சம் போய்விட்டது.

கீழே இறங்கி வந்தவளிடம் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "முன்னாடி எப்படிக் கூப்பிடுவீங்களோ, ஒரு எழுத்து மாறாம அப்படியே கூப்பிடணும்மா."

"ஆணை இருக்கு."

"ஆணையை முறிச்சா பரிகாரம் இருக்கே. பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு" என்றேன் நான்.

"இருக்கு. யார் சமைக்கிறது? இருபத்தெட்டு வருஷமா நான்தான் சமைக்கிறேன். இவர் வாய்க்காக வந்த ஆணை, இவர் கையால சமைக்கட்டும். பத்துப் பேர் வயிறார சாப்பிடட்டும். அப்புறம் கூப்பிடறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

புதன்கிழமை தீவன அறையில் நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். காலை வேலை முடிந்ததும் மேஜையைக் கழுவி, பெரிய சட்டியை ஏற்றினேன். அரிசி, பருப்பு, மக்ரோனி, பொரித்த வெங்காயம், தக்காளிக் குழம்பு என்று கோஷரி செய்வதாக முடிவு. ரஷ்வான் கரடிக்கு ஆப்பிள் நறுக்குவதுபோல வெங்காயத்தை நான்காக வெட்டிப் போட்டான்.

"டேய், இது கரடிக்கு இல்ல, மனுஷனுக்கு" என்றேன்.

"பஹியாவுக்கு இவ்வளவு மெனக்கேடு கிடையாது அக்கா. தோலோட தின்னுவா."

"அதான் அவளை உனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. வெங்காயத்தை மறுபடி எடுத்து மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் ஓடியது. வெங்காயம்தான் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்தப் பருப்பு எவ்வளவு நேரம் வேகும்?"

"முக்கால் மணி."

"அப்புறம் அரிசி. அப்புறம் குழம்பு. தினமுமா இப்படி?"

"தினமும்."

"வெயில்லயும்?"

"வெயில் காலத்துல அடுப்பு அணைஞ்சா இருக்கும்?"

பருப்பைக் கிளறிக்கொண்டே நின்றான். வெங்காயத்தில் பாதியைக் கரித்துவிட்டான், மேலே ஊற்றுகிற பூண்டுத் தண்ணீரில் உப்பு இரண்டு தடவை போட்டான். எப்படியோ சட்டி இறங்கியது. ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குகிற மூன்று கிழவர்கள், பள்ளிவாசல் வாசலில் உட்காருகிற இரண்டு பெண்கள், வேலை தேடி வந்து பாலத்தடியில் படுத்துக்கிடக்கிற ஐந்து பேர் என்று தேடிப்பிடித்து உட்கார வைத்தோம். அவனே பரிமாறினான். கிழவர்களில் ஒருவர் இரண்டு வாய் தின்றுவிட்டு, "அல்லாஹ் உன் கையை வாழ வைக்கட்டும் மகனே, ஆனா சமையலுக்கு வேற ஆளைப் பாரு" என்றார். இருந்தாலும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோரும் எழுந்த பிறகு தவ்லத் வந்தாள். சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து வாயில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ரஷ்வானின் ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுத் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தாள். போய்விட்டாள்.

"கூப்பிடுவாளா அக்கா?" என்று கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது முட்டை அவிக்கிறது. இப்போ அதுவும் போச்சு."

ஐந்தரைக்கே எல்லாம் தயார். உள்கூண்டில் ஆப்பிளும் மீனும் வைத்தாயிற்று. தூக்குக் கதவு திறந்து, சங்கிலி கொக்கியில் மாட்டியிருந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் ரஷ்வான். அவன் பின்னால் வாளியோடு நான். மறைவில் டாக்டர் நோட்டும் கையுமாக. ஊசித் துப்பாக்கிப் பெட்டியை இயக்குநர் காலையிலேயே அவள் அறையில் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருந்தார். அதை நானும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பஹியா பாறைமேல் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவ்லத் மாடியில் வந்து நின்றாள். நிற்கிறாள், நிற்கிறாள், பேசவில்லை. துணிக்கொடியில் காய்ந்த துணியை எடுத்தாள். மடித்தாள். மஃரிப் தொழுகைக்கு, பொழுது இறங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரஷ்வான் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு வந்தது அந்தக் குரல். பதினொரு நாள் அடைத்து வைத்திருந்த குரல் என்பதால் இரண்டு மடங்காக வந்தது.

"ரஷ்வான்... யே ரஷ்வான்... சோறு ஆறிப் போச்சு. உப்புப் போடவும் தெரியாது, வேளைக்கு வரவும் தெரியாது. இன்னும் எத்தனை நாளைக்கு நான் தட்டை மூடி மூடி வைக்கிறது? வந்து தின்னுட்டு அப்புறம் உன் ராஜ்ஜியத்தை ஆளு."

பஹியா எழுந்தாள். பாறையிலிருந்து ஆடி அசைந்து இறங்கினாள். பதினொரு நாள் நாங்கள் பட்ட பாடு எதுவும் நடக்காததுபோல, பெரிய பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நேராக முற்றத்தைக் கடந்து, தலையைக் குனிந்து கதவுக்குள் நுழைந்தாள். மீனைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று டாக்டர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அவள் மட்டும் என்னவாம்?

"கதவு, கதவு. சங்கிலியை விடுங்க" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

கதவு இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வாளியைப் போட்டுவிட்டு நான்தான் பாய்ந்து சங்கிலியை விட்டேன். கதவு தடாலென்று இறங்கியது. பஹியா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் மறைவிலிருந்து வெளியே வந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது.

"ரஷ்வான் எங்கே? கதவைப் போட வேண்டிய நேரத்துல எங்க போனார் அந்த மனுஷன்?"

நான் பின்வாசல் பக்கம் கையைக் காட்டினேன். கதவு திறந்து கிடந்தது. சந்தில் ரப்பர் பூட்ஸோடு, திரும்பிப் பார்க்காமல், ரஷ்வான் வீட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்துகொண்டிருந்தான்.

"கூப்பிட்டாங்கல்ல, டாக்டரம்மா" என்றேன்.